மிஸ்ஸியம்மாவின் மோரிஸ்

பானெட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "எழுந்திரு, சனியனே" என்று சொல்லித்தான் கமலவேணி தினமும் காலையில் தம் காரைக் கிளப்புவார். கிளம்பிவிட்டால் அதற்கும் வசவு உண்டு. "நேத்து எங்க போயிருந்துச்சு இந்தப் புத்தி?" என்பார். கிளம்பாவிட்டால் வசவு கிடையாது. உதட்டை மடித்துக்கொண்டு சும்மா நிற்பார். மலாக்காவில், காஜா பெராங்கில் அவர் குடியிருந்த சந்துக்காரர்கள் வசவுக்குப் பழகிப்போனவர்கள். அவர் சும்மா நிற்கிற நாளில்தான் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கமலவேணி அரசாங்க மருத்துவச்சி. மலாய்க்காரர்களுக்கு பீடான், நம்மவர்களுக்கு மிஸ்ஸியம்மா. வயது நாற்பத்திரண்டு. வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டுகிற தோல்வார்க் கடிகாரம், எப்போதும் கால் மணி நேரத் தாமதத்தைத் துரத்திப் பிடிக்கப் போகிறவரின் நடை. மலாக்கா வட்டாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள் இந்த உலகத்துக்கு வந்து முதன்முதலாகக் கேட்ட மனிதக் குரல் அவருடையது. கேட்டது வசவு. "வந்துட்டீங்களா, துரை? பெத்தவள இந்தப் பாடு படுத்திட்டுத்தான் வரணுமோ?" பெண்ணாக இருந்தால் துரைக்குப் பதில் மகாராணி, மற்றபடி வாசகம் ஒன்றுதான்.

போன ஆகஸ்டுக் கடைசியில் நாடு சுதந்திரம் பெற்ற இரவு, ஊர் முழுக்க பண்டார் ஹிலிர் திடலில் கூடியிருந்தபோது, அவர் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு ஆண் குழந்தை. தகப்பன் பரவசமாகி, பையனுக்கு 'மெர்டேக்கா', விடுதலை என்று பேர் வைக்கப்போவதாகச் சொன்னான். "பள்ளிக்கூடத்துல அடி வாங்கிச் சாவான். வேற பேரு யோசி" என்றார் கமலவேணி. சுதந்திரத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

அவரைக் கோபக்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "எனக்கென்ன கோபம்? ஊர்ல ஒருத்தனும் ஒழுங்கா ஒரு வேலை செய்யலன்னு சொல்றேன். இது கோபமா?" என்பார். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வெதுவெதுப்பாகக் கொண்டுவருகிறவர்கள், வாசல்படியில் நின்று வெளிச்சத்தை மறைக்கிற கணவன்மார், தலையணைக்கடியில் இரும்புத் துண்டை வைத்துவிட்டுத் துணியை வெளுக்க மறந்துபோகிற மாமியார்கள், எல்லாருக்கும் அவரிடம் பங்கு உண்டு. கட்டிய கணவரைத் திட்டும்போது மட்டும் ஒரு மரியாதை வைத்திருக்கிறார். பத்தொன்பது வருஷமாக 'நீங்க', 'உங்க' என்று பன்மையிலேயே திட்டுகிறார்.

அந்தக் கணவர் சுப்பையன், சர்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய சுலோகம். யார் மீதும் குரல் உயர்த்தியவர் இல்லை. மனைவி திட்டி முடித்ததும், "ஆகட்டும் கமலம்" என்பார். வீட்டில் நெய் ஊற்றாமலே எரிகிற நெருப்புக்கு இந்த 'ஆகட்டும்' ஒரு கரண்டி நெய்.

கார் ஒரு கரும்பச்சை மோரிஸ் மைனர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நர்சிடம் ஐந்து வருஷத்துக்கு முன்பு வாங்கியது. காரோடு ஒரு கையேடும் வந்தது. பிரசவப் பாடப் புத்தகத்தைப் படித்த அதே பக்தியோடு கமலவேணி அதைப் படித்தார். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதினார். டயர் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, பிளக் கழற்றித் துடைப்பது எல்லாம் தம் கையாலேயே செய்வார். ஒரு முறை பட்டறையில் விட்டுப் பார்த்தார். அங்கே மெக்கானிக் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டிருக்கிறான். அதோடு பட்டறைக்கும் அவருக்கும் தீர்ந்தது.

இத்தனை தெரிந்தவரிடம் சந்துக்காரர்களுக்கு விளங்காத ஒரு வழக்கம் இருந்தது. வெயில் நாளில் காரில் போவார். மழை நாளில் காரை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டில்பாருமாகச் சைக்கிளில் போவார். நனைவதற்காகவே பிறந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

காரணம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. நாலு கெஜம் புது பிளக் வயர்.

எஞ்சினுக்குள் நெருப்புப் பொறியைக் கொண்டுபோகிற வயர்கள் நாலு. மோரிஸில் இருந்தவை பழையவை; ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தவை. போன வருஷம் ஜூன் மாதம் அது கமலவேணிக்குத் தெரியும். அடுத்த வாரம் மாற்றலாம் என்று இருந்தார். அந்த வாரத்தில்தான் உஜோங் பாசிரிலிருந்து ஆள் வந்தது. டவுன் கவுன்சிலில் ரோட்டு வேலை செய்கிற மருதமுத்துவின் மனைவி பூங்காவனத்துக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. வீட்டில் பார்க்கிற காரியம் இல்லை. பூங்காவனத்தைப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியில் கொட்டிய மழையில், பண்டார் ஹிலிர் திடலுக்குப் பக்கத்தில், வெடித்த வயர்களில் தண்ணீர் இறங்கிக் கார் நின்றுபோயிற்று. வேறு வண்டி கிடைக்க நாற்பது நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது பூங்காவனம் இருந்தாள், குழந்தை இல்லை.

ஒருத்தரும் திட்டவில்லை. மருதமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, "விதிங்க மிஸ்ஸிம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். டாக்டர் 'துரதிர்ஷ்டம்' என்று எழுதினார். சுப்பையன் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளுகிற அளவுக்குக்கூட யாருக்கும் கோபம் வராத ஓர் ஊரில் அவர் எப்படி இருப்பது? மறுநாளே சீனர் கடைக்குப் போய் வயரை வாங்கினார். ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் பதினைந்து மாதம் அது மாட்டியபடியே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து, "நீ ஒரு கேடு" என்பார். கழற்றி எடுக்கவில்லை. பழைய வயரைப் பிடுங்கினால் அந்த வெடிப்புகளைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும். இதை அவரிடம் சொன்னால், நேரமில்லை, அவ்வளவுதான் என்பார்.

இந்த வருஷம் ஆயுத பூஜை, சுதந்திரம் வந்து ஐந்தாவது வாரத்தில் வந்தது. சுப்பையனுக்கு வருஷத்தில் அது ஒன்றுதான் அதிகாரம் செலுத்துகிற நாள். வீட்டில் இரும்பு என்று எது இருந்தாலும் அன்று அவருடைய ஆட்சிக்குள் வரும். அரிவாள்மனை, குறடு, திருப்புளி, ஸ்பேனர்கள், ஆபீஸ் பேனா எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக அடுக்கி, விபூதியைக் குழைத்து மூன்று பட்டை, சந்தனம், குங்குமம் என்று வைப்பார். மறுநாள் மறுபூஜை முடிகிறவரை எதையும் தொடக் கூடாது. கமலவேணியின் பிரசவப் பைக்காக ஒரு வருஷம் பெரிய யுத்தமே நடந்து, வெளித்தோலில் ஒரே ஒரு பொட்டு என்று சமாதானம் ஆகியிருந்தது. காருக்கு அப்படி உடன்படிக்கை எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் மழை வரும் போலிருந்ததால் கமலவேணி கிளினிக்குக்குச் சைக்கிளில் போயிருந்தார். திரும்பி வந்தபோது மோரிஸ் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. "இது ஓடறதுக்கா, ஊர்வலத்துக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு மருதமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பூங்காவுக்கு வலி கண்டுருச்சுங்க மிஸ்ஸிம்மா. இந்தத் தடவ நேரா ஆஸ்பத்திரிதான்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"எத்தன மணிக்குக் கண்டுச்சு?"

"அஞ்சு மணிக்குங்க."

"அஞ்சு மணி வலிக்கு எட்டேகாலுக்கு வந்து நிக்கிற. நடுவுல எங்க, தேர் இழுக்கப் போயிருந்தியா?"

"அவதாங்க, இன்னும் நேரம் இருக்குன்னு…"

"போ. துணிமணிய எடுத்து வை. அரை மணியில காடியோட வர்றேன்."

மருதமுத்து போகவில்லை. மாலை போட்டு நின்ற காரைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சைக்கிளைத் திருப்பினான்.

அந்த 'ஒண்ணுமில்லீங்க' கமலவேணிக்கு முள்ளாகத் தைத்தது. பானெட்டைத் தட்டினார். ஸ்டார்ட்டரை இழுத்தார். எஞ்சின் எழுந்தது; ஆனால் இரண்டு கால் ஒடிந்த நாய் மற்ற இரண்டு காலில் எழுவது போல எழுந்தது. உலுக்கியது, இருமியது, நின்றது. இன்னொரு முறையும் அதுவே.

கமலவேணி சும்மா நின்றார். சந்தில் இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன.

பெச்சா ரிக்‌ஷாவில் போகலாம், மணிக்கணக்காகும். போய்ச் சேர்ந்தாலும் என்ன? அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே. குறுக்கே கிடந்து ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளை, மூன்று சக்கரத்தில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போவதா? உள்ளே போய் ஆணியிலிருந்து வயரைப் பிடுங்கினார். பூஜையறைக்குள் நுழைந்து, மாலையை ஒதுக்கிவிட்டுக் குறட்டையும் திருப்புளியையும் எடுத்தார்.

ஈர வேட்டியோடு சுப்பையன் ஓடிவந்தார். "கமலம், பதினொன்றரைக்குத்தான் மறுபூஜை. அதுவரைக்கும் ஆயுதத்துக்கு ஓய்வு."

"பூங்காவனத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்க. பதினொன்றரை வரைக்கும் அவளும் ஓய்வெடுக்கட்டும்."

சுப்பையன் வேட்டியை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பானெட்டைத் திறந்தார். உள்ளேயும் பூஜை நடந்திருந்தது. பேட்டரிக்குப் பட்டை, ரேடியேட்டருக்குப் பட்டை, எஞ்சின் தலையில் நிமிர்ந்து நின்ற நாலு பிளக்குகளுக்கும் ஆளுக்கொரு பட்டையும் பொட்டும். "இங்கயும் விடலையா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வயரில் கை வைத்தார். பழைய வயர் தொட்ட இடத்தில் பொடிந்து விரலோடு வந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு வெறி பிடித்தவர் மாதிரி வேலை செய்தார். வெறியிலும் முறை தப்பவில்லை. ஒரு வயரைக் கழற்றி, அதே அளவில் புதியதை வெட்டி, நுனியைச் சீவி, பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடுக்கி, மறுமுனையைப் பிளக்கில் மாட்டி, அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். நாலையும் சேர்த்துப் பிடுங்கினால் எது எங்கே என்று முறை மாறிப்போகும். ஒரு தொப்புள்கொடியைக் கட்டாமல் இன்னொன்றை வெட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டாவது வயரின்போது பக்கத்து வீட்டு நல்லையா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக அவரிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அதனால் எல்லா வாகனங்களைப் பற்றியும் பாரபட்சமில்லாத அபிப்பிராயம் உள்ளவர்.

"உது வயரில்லைப் பிள்ளை. பெற்றோலுக்கை தண்ணி கலந்திருக்கு."

கமலவேணி நிமிரவில்லை.

"நாலையும் ஒருமிக்கக் கழட்டினால் கெதியா முடியும். நான் சொல்லுறதைக் கேளும். முப்பது வருசம் ரயில்வேயிலை இருந்தனான்."

"உங்க ரயிலத்தான் யுத்தத்துல சப்பான்காரன் தண்டவாளத்தோட பேத்து எடுத்துட்டுப் போனானே. அப்ப என்ன சொன்னீங்க?"

"அது வேறை கதை" என்றார் நல்லையா. ஆனால் போகவில்லை.

ஒன்பது மணிக்கு நாலு வயரும் மாற்றியாயிற்று. கறுப்பாக, வழவழவென்று, வெடிப்பே இல்லாமல் நாலு வயர். பதினைந்து மாதத்துப் பாரம் அரை மணியில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா வேலை என்று நினைத்தபோது இன்னும் ஆத்திரம் வந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தார்.

அதே நொண்டி நாய்.

"நான் அப்பவே சொன்னனான், பெற்றோல்" என்றார் நல்லையா.

கமலவேணிக்கு முகம் வெளுத்தது. வயர்தான் குற்றவாளி என்று பதினைந்து மாதத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். நோயைப் பார்க்கும் முன்பே மருந்தைத் தீர்மானித்த நர்ஸ் ஒருத்தியை அவர் வார்டை விட்டே துரத்தியது உண்டு. உஜோங் பாசிரில் ஒருத்தி துணி மூட்டையோடு உட்கார்ந்திருப்பாள். அரை மணி என்று சொல்லி அனுப்பி முக்கால் மணி ஆகிவிட்டது.

இந்த நேரத்தில் பின்வீட்டு பாக்கியலட்சுமி வந்தார். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சம், மலாய்ப் பெண்களைப் போல கெபாயாச் சட்டையும் கைலியும் கட்டியவர். அந்தச் சந்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சாமி கும்பிடுகிறவர் அவர். தமிழ் தெரியாது, அவர் வீட்டுச் சாமிகளுக்கு எல்லாம் மலாய் பழகிப்போயிற்று. செத்துப்போன அவர் கணவர் டாக்சி ஓட்டியவர். பாக்கியலட்சுமி எஞ்சினைப் பார்க்கவில்லை, கமலவேணியின் முகத்தைப் பார்த்தார்.

"மாலாம் பாரு நம்பாக் அப்பி, கமலா" என்றார்.

இரவில்தான் நெருப்புத் தெரியும். நெருப்பு எங்கே ஒழுகுகிறது என்று அவருடைய கணவர் இருட்டில்தான் பார்ப்பாராம்.

"இரவுக்கு நான் எங்க போவேன்?" என்று சீறிய கமலவேணி, பாதியில் நின்றார். வீட்டுக்குள் ஓடி, பெட்டியில் கிடந்த கறுப்புக் கம்பளியை இழுத்து வந்தார். சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். "ஏறி உக்காருங்க. நான் சொல்றப்ப இழுங்க" என்று கணவரை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். சுப்பையன் ஸ்டீயரிங்கைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பழைய காலத்துப் போட்டோக்காரர் மாதிரித் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கமலவேணி எஞ்சினுக்குள் குனிந்தார்.

"இழுங்க."

எஞ்சின் நொண்டியது. கம்பளிக்குள் கும்மிருட்டு. புது வயர்கள் நாலும் கறுப்பாக, சாதுவாக இருந்தன. ஆனால் பிளக்குகளில் தீபாவளி. வெள்ளைப் பீங்கானின் மேல், ஈரம் காயாத விபூதிப் பட்டை வழியாக, சந்தனத்தைச் சுற்றிக் குங்குமப் பொட்டைத் தாண்டி, நீல நீலமாகப் பொறி ஓடி இரும்பில் குதித்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் போக வேண்டிய நெருப்பு அத்தனையும் வெளியிலேயே பூஜையை ஏற்றுக்கொண்டிருந்தது.

கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தார். நல்லையா ஓரடி பின்வாங்கினார்.

"பிளக்குல வைக்கச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னா?"

சுப்பையன் காரிலிருந்து இறங்கினார். "அதுதானே இருதயம், கமலம். இருதயத்துக்கு வைக்காம கதவுக்கு வச்சு என்ன புண்ணியம்? போன தடவை நடந்தது… இனிமே நடக்கக் கூடாதுன்னுதான்…"

அவரும் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பதினைந்து மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் நினைத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் விபூதியைக் குழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கமலவேணியின் நாக்கு நுனிவரை வந்த வசவு அங்கேயே நின்றது. அது இறங்குவதற்கு இடம் கிடைக்காமல் போனதில் அவருக்கு இன்னும் கோபம். பையைத் திறந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார்.

சுப்பையன் கையை நீட்டினார். "குடு. வச்ச கைதான் எடுக்கணும்."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பிளக்காக, பட்டையையும் பொட்டையும் அவரே துடைத்தார். உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. சாமியிடம் மன்னிப்பாக இருக்கலாம்; மனைவியிடமாகவும் இருக்கலாம். "மூலையில, அங்க. இன்னும் இருக்கு" என்று கமலவேணி விரட்டிக்கொண்டே நின்றார். நாலு பீங்கானும் பிறந்த குழந்தை மாதிரி வெளுத்தன.

இந்த முறை மோரிஸ் ஒரே இழுப்பில் எழுந்து, நாலு காலிலும் நின்றது. மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் சந்தைத் தாண்டியது.

"கொஞ்சம் பெற்றோலும் பாரும்" என்று நல்லையா பின்னாலிருந்து சொன்னார்.

உஜோங் பாசிரில் பூங்காவனம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கமலவேணி எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிப் போய், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நேரம் இருக்கு. ஏறு" என்றார்.

பூங்காவனம் காரைப் பார்த்தாள். "அந்தக் காடியில நான் ஏற மாட்டேன்."

"பூங்கா, சும்மா இரு" என்றான் மருதமுத்து. "மிஸ்ஸிம்மா எதிர்ல…"

"நீ சும்மா இரு. என் புள்ள அதுக்குள்ளதான செத்துச்சு?" வலி ஒன்று வந்து அவளை மடக்கியது. அது போகிறவரை தூணில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது 'ங்க' எல்லாம் போய்விட்டிருந்தது. "தண்ணி கொதிச்சுதா, துணிய வெளுத்தியா, நகத்த வெட்டினியான்னு எங்கள நூறு கேள்வி கேட்டியே. உன் காடிய நீ பாத்தியா? வயருல தண்ணின்னு அன்னிக்கு நீயே சொன்ன, அந்த வயரு கெட்டிருக்குதுன்னு உனக்கு முன்னமே தெரியாதா?"

மருதமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். கமலவேணி நேராக நின்றார். பதினைந்து மாதமாக யாராவது ஒருத்தர் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். வந்தபோது அவருக்குப் பதிலுக்குக் கோபம் வரவில்லை. அது அவருக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

"தெரியும்" என்றார். "தெரிஞ்சும் மாத்தல. இன்னிக்குக் காலையிலதான் மாத்தினேன்."

பூங்காவனத்தின் கை தூணை விட்டது. இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஏறி உக்காந்து திட்டு. வழி நெடுகத் திட்டு. வண்டி நின்னா இறங்கி என்னை அடி. ஏறாம மட்டும் திட்டாத, நேரமில்ல."

ஏறினாள். சொன்னபடியே திட்டினாள். உஜோங் பாசிர் சாலை முழுவதும், வலி வந்தபோது பல்லைக் கடித்தும் வலி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியும் திட்டினாள். காரை, மழையை, ஆஸ்பத்திரியை, கமலவேணியின் கடிகாரத்தை, அவருடைய நடையை, மருதமுத்துவின் பரம்பரையை. முன் சீட்டில் மருதமுத்து காலுக்கிடையில் மூட்டையை வைத்துக்கொண்டு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். கமலவேணி ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நடுவில் ஒரே ஒரு முறை, "ம், சொல்லு" என்றார். பண்டார் ஹிலிர் திடல் வந்ததும் பின் சீட்டில் சத்தம் நின்றுவிட்டது. மூன்று பேரும் எஞ்சினைக் கேட்டார்கள். அது மூச்சு விடாமல் ஒரே சீராக ஓடியது. திடலைத் தாண்டியதும் பூங்காவனம் மறுபடி ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கமலவேணிக்கு உள்ளே வேலை இல்லை. அது வேறு இலாகா. ஆயிரம் பிரசவம் பார்த்தவர், மற்றக் கணவன்மாரோடு வராந்தாவில், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் எஞ்சின் கரி. வெள்ளைச் சேலையில் எண்ணெய். கால் மணிக்கொரு முறை ஏதாவது ஒரு நர்சைப் பிடித்து நிறுத்தி, "உள்ள என்னதான் பண்றீங்க?" என்று அதட்டினார். பகல் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. பெண். ஆறு ராத்தல். பிடிவாதமான தொண்டை. மருதமுத்து கையெடுத்துக் கும்பிட வந்தான். "கையக் கீழ போடு" என்றார் கமலவேணி. "போயி அவளுக்குச் சூடா ஏதாவது வாங்கிட்டு வா. கும்பிட்டா வயிறு நிறையுமா?"

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குக் காரில் வந்தார். லேசான தூறல் இருந்தது, காரில்தான் வந்தார். பூங்காவனம் தலையணையில் சாய்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வலியில் பேசியதையெல்லாம் மன்னிக்கணும் என்று மருதமுத்து தொடங்கினான். பூங்காவனம் அவனைப் பேசவிடவில்லை.

"நான் சொன்னது சொன்னதுதாங்க, மிஸ்ஸி" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது. வேறு எதுவும் திரும்பவில்லை. "அந்தக் காடிய எனக்கு இன்னும் பிடிக்கல."

"எனக்கும்தான்" என்றார் கமலவேணி.

பிறகு கமலவேணி கட்டில் ஓரத்துக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். எடுக்கவில்லை. உள்ளங்கை மேலே தெரிய நீட்டியபடியே, அவளாகக் குழந்தையைக் கொடுக்கிறவரை நின்றார்.